நர்சம்மா, ஒரு சந்தேகம்: கர்ப்பப்பை, முட்டை, விந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் உள்ள கிராமங்களில் 22 வருஷமாகக் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி போட்டு முடித்து, கூட்டம் கலைந்த பிறகு, யாராவது ஒருத்தர் மட்டும் கிளம்பாமல் நிற்பார். "நர்சம்மா, ஒரு சந்தேகம்" என்று குரல் தாழும். ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே எழுதியிருக்கிறேன். வெட்கப்பட்டுக் கேட்காமல் போனவர்களுக்காகத்தான் முக்கியமாக இது.

கர்ப்பப்பை எங்க இருக்கு? சாப்பாடு போற வயித்துக்குள்ளயா?

இல்லை. இதைக் கேட்கும்போது நிறைய பேர் தொப்புளுக்கு மேலே கையை வைத்துக் காட்டுகிறார்கள். அங்கே இருப்பது இரைப்பை. கர்ப்பப்பை அதற்கு வெகு கீழே, இடுப்பெலும்புக் குழிக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். கர்ப்பம் இல்லாத நேரத்தில் அது ஒரு சின்னக் கொய்யாக்காய் அளவுதான், காம்புப் பக்கம் கீழே பார்த்தபடி. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், எடை 50, 60 கிராம். பிரசவ நேரத்தில் அந்தத் தசைப் பை மட்டுமே ஒரு கிலோ அளவுக்கு வளர்ந்திருக்கும். பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி கிட்டத்தட்ட பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

கொய்யாவின் அகலமான மேல்பக்கத்தில், இடமும் வலமும் ஒவ்வொரு கருக்குழாய் கிளம்புகிறது. ஒவ்வொன்றும் சுமார் 10 சென்டிமீட்டர். குழாயின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். பக்கத்திலேயே பாதாம் பருப்பு வடிவத்தில் சினைப்பை. முட்டை வெளியே வரும்போது அந்த விரல்கள் அதை அள்ளிக் குழாய்க்குள் விடுகின்றன. கொய்யாவின் குறுகின கீழ்முனைதான் கர்ப்பப்பை வாய். அது யோனிக்குள் திறக்கிறது.

ஒண்ணுக்குப் போறதும் மாசா மாசம் ரத்தம் வர்றதும் ஒரே வழியா?

ரெண்டும் வேறு வழி. பெண்ணுக்கு முன்னால் மூத்திரத் துவாரம், நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய், ஆக மூன்று. மூன்று பிள்ளை பெற்ற அக்காக்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லித் தராதபோது எப்படித் தெரியும்?

பெண்ணின் மூத்திரக் குழாய் நாலு சென்டிமீட்டர்தான், ஆணுக்கு 18, 20 வரை இருக்கும். கிருமி சீக்கிரமாக மேலே ஏறிவிடுவதால்தான் பெண்களுக்கு நீர்க்கடுப்பு அதிகம் வருகிறது. கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆம்பளப் புள்ளைக்கு விதை ஏன் வெளியில தொங்குது? உள்ள இருந்தா பத்திரமாத்தானே இருக்கும்?

விந்தணு உருவாக, உடம்புச் சூட்டைவிட ரெண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தோல்பை வெளியே இருக்கிறது. குளிர்ந்தால் சுருங்கி உடம்போடு ஒட்டும், வெயிலில் தளர்ந்து இறங்கும். விதையில் உருவாகிற அணு, அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் முதிர்கிறது. சுருளை நீட்டினால் ஆறு மீட்டர் வரும். அங்கிருந்து விந்துக் குழாய் வழியாக ஏறி, விந்துப் பை, பிராஸ்டேட் சுரப்பி இரண்டின் நீரும் சேர்ந்து வெளியே வருகிறது. வருகிற திரவத்தில் பெரும்பகுதி இந்தச் சுரப்பிகளின் நீர்தான். அணுக்கள் அதில் மிகக் கொஞ்சம்.

தாய்மார்களுக்கு ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, பிறந்த ஆண்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது ரெண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆறு மாசத்துக்குள் இறங்கவில்லை என்றால் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஒன்றரை வயசுக்குள் சரிசெய்துவிடுவது நல்லது. "பெரியவனானா தானா இறங்கும்" என்று காத்திருந்து, பையனுக்குப் பத்து வயசாகும்போது கூட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று, வளர்ந்த பையன் திடீரென்று விதையில் தாங்க முடியாத வலி என்று துடித்தால், வாந்தியும் எடுத்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ராத்திரி என்று பார்க்காதீர்கள், வெட்கத்தையும் பார்க்காதீர்கள், வண்டியை எடுங்கள்.

மாசா மாசம் வர்றது கெட்ட ரத்தமா? அது வரலன்னா உடம்புலயே தங்கிடுமா?

கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை. உங்கள் கையில் ஓடுகிற அதே ரத்தம்தான். ஒவ்வொரு மாசமும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையின் உள்சுவரை மெத்தை போலத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் அந்த மெத்தையைத் தாங்கிப் பிடிக்கிறது. கரு வந்து உட்காரவில்லை என்றால் சுமார் 14 நாளில் ரெண்டு ஹார்மோனும் இறங்கிவிடும். பிடிமானம் போன மெத்தை ரத்தத்தோடு உதிர்ந்து வருவதுதான் தீட்டு. தீட்டு என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதில் தீட்டு எதுவும் இல்லை.

ஒரு தடவைக்கு மொத்தமாகப் போவது 30, 40 மில்லிதான், மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய பெரிய கட்டியாக வருகிறது, ஏழு நாளுக்கு மேல் நிற்கவில்லை என்றால் காட்டுங்கள். ரத்தசோகை அப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது. வலி வருவது, மெத்தையை வெளியே தள்ள கர்ப்பப்பைத் தசை இறுகுவதால். ஒத்தடம் கொடுத்தால் தசை தளரும். மாத்திரை போட்டும் எழுந்திருக்க முடியாத வலி சாதாரணமில்லை, அதைப் "பொம்பளன்னா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

28 நாள்தானே கணக்கு? என் பொண்ணுக்கு 40 நாள் ஆவுது.

வயசுக்கு வந்து எத்தனை வருஷம் என்று முதலில் சொல்லுங்கள். முதல் ரெண்டு மூன்று வருஷம் மூளைக்கும் சினைப்பைக்கும் நடுவில் உள்ள ஹார்மோன் தொடர்பு இன்னும் பழகிக்கொண்டிருக்கும். அப்போது 21 முதல் 45 நாள் வரை இருக்கலாம். பெரியவர்களுக்கு 21 முதல் 35 வரை சரி. 28 என்பது சராசரிதான். மூன்று மாசம் சேர்ந்தாற்போல் வராமல் இருந்தாலோ, முகத்தில் முடி, கழுத்தில் கருப்பு, எடை ஏறுதல் எல்லாம் சேர்ந்து வந்தாலோ பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு, தைராய்டு ரெண்டையும் பார்க்க வேண்டும். 15 வயசு முடிந்தும் வயசுக்கு வராத பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சடங்கு சுத்துன பொண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுத்தாதான் இடுப்பு பலமாகுமா?

உளுத்தங்களி கொடுங்கள், நல்ல புரதம். எள்ளுருண்டையும் நல்லதுதான். முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். பச்சையில் கிருமி இருக்கலாம், அதோடு வெந்த முட்டைதான் நன்றாகச் செரிக்கும். எண்ணெயைக் குடிக்க வைத்து வாந்தியெடுக்க விடாதீர்கள். முருங்கைக் கீரை, கூடவே ஒரு நெல்லிக்காய், பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, இது போதும்.

எந்த நாள்ல சேர்ந்தா நிக்கும்?

அடுத்த தீட்டு வரும் நாளிலிருந்து பின்னோக்கி 14 நாள் எண்ணுங்கள். ஏறக்குறைய அன்றைக்குத்தான் முட்டை வெளியேறும். 28 நாள் கணக்குக்காரருக்கு 14ஆம் நாள், 35 நாள்காரருக்கு 21ஆம் நாள். எல்லோருக்கும் 14ஆம் நாள் என்று நினைத்து, நாளைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை இருக்கும். அதனால் முட்டை வருவதற்கு முந்தின ஐந்து நாளும் வரும் நாளும்தான் காலம். ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். வெளியே வழிவது பெரும்பாலும் நான் மேலே சொன்ன சுரப்பி நீர். ஓட வேண்டிய அணுக்கள் அதற்குள் கர்ப்பப்பை வாய்க்குள் போயிருக்கும். ஆனால் குழந்தையைத் தள்ளிப்போட இந்த நாள் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு காய்ச்சல், ஒரு கவலை போதும், முட்டை வரும் நாள் மாறிவிடும்.

வெள்ளைபட்டு எலும்பே உருகிப் போவுதுங்க. என்ன பண்றது?

எலும்பு உருகுவதில்லை. யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் இடம். அங்கே வாழும் நல்ல கிருமிகள் புளிப்பை உண்டாக்கி நோய்க் கிருமியைத் தடுக்கின்றன. அந்த நீர்தான் இது. முட்டை வரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழையாக வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுவதுதான் கெடுதல்.

தயிர்த் திப்பி போல் வந்து அரித்தால் பூஞ்சை. மீன் கவிச்சி வாடை அடித்தால் கிருமிகளின் கணக்கு மாறியிருக்கிறது. பச்சையாக நுரைத்து வந்தால் தொற்று, அப்போது கணவருக்கும் சேர்த்து மருந்து. சேர்ந்த பிறகு ரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்கு வாருங்கள்.

நூறு சொட்டு ரத்தம் சேர்ந்தாதான் ஒரு சொட்டு விந்துன்றாங்களே?

இதைக் கேட்டது ஒரு தம்பி, வயசு 19. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தவன் அரைமணி நேரம் வாசலிலேயே நின்றான். தூக்கத்தில் விந்து போகிறது, இனி கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று ஒரு லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்திருந்தான். படகில் கூலிக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ரத்தத்திலிருந்து விந்து இறங்குவதில்லை. அது எதனால் ஆனது என்று விதை பற்றிய பதிலில் சொன்னேன். விதை நிறுத்தாமல் நாள் முழுக்க அணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். நிறைந்தது தூக்கத்தில் வெளியேறுவது வளர்ந்த பிள்ளைகளுக்கு இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சுருங்காது, பின்னால் குழந்தை பிறப்பதும் கெடாது. தாது போகிறது என்ற இந்தப் பயத்துக்கே மனநல மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. 1960இல் டாக்டர் என்.என். விக் அதை "தாத் சிண்ட்ரோம்" என்றார். அதற்கு வைத்தியம் லேகியம் இல்லை, பயத்தைப் போக்கும் பேச்சு.

மூணும் பொட்டப் புள்ளை. மருமவள மாத்துனாதான் பேரன் வருமா?

ஒரு மாமியார் மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். குரோமோசோம் என்பது பெற்றோரின் பண்புகளைக் குழந்தைக்குக் கொண்டுபோகும் இழை. பெண்ணின் முட்டை எல்லாவற்றிலும் எக்ஸ் குரோமோசோம்தான். ஆணின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் முந்தினால் பெண், ஒய் முந்தினால் ஆண். பூச்சிகளை ஆராய்ந்து நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி 1905லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். எது முந்தும் என்பது அந்த மகனின் கையிலும் இல்லை, அதனால் அவரையும் திட்ட வேண்டாம். ஸ்கேனில் என்ன குழந்தை என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முதல் ராத்திரி ரத்தம் வரலன்னா பொண்ணு சரியில்லன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. கன்னித்திரை என்பது யோனி வாயைச் சுற்றி இருக்கும் மெல்லிய மடிப்பு. மூடி போட்டது போல் அடைத்து இருந்தால் தீட்டே வெளியே வராதே! சிலருக்கு அது நன்றாக விரியும், சிலருக்குப் பிறப்பிலேயே மிகக் குறைவு. பாதிக்குப் பாதி பேருக்கு ரத்தம் வருவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது.

அவரு வந்தே 44 நாள்தான் ஆவுது. ஸ்கேன்ல 8 வாரம்னு போட்டிருக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?

சிங்கப்பூரிலிருந்து வந்த கணவர், வந்ததும் நாள் தள்ளிப்போன மனைவி. ஸ்கேன் சீட்டைப் பார்த்த வீட்டில் யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் அந்தப் பெண் சீட்டை மடித்து மடித்து, நான்காக எட்டாக மடித்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் பக்கத்தில் இதை மட்டுமாவது நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

கர்ப்பத்தின் வாரம் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. முட்டை எந்த நாள் வெளிவந்தது என்று யாருக்கும் தெரியாது, தீட்டு வந்த நாள் தெரியும், அதனால் உலகம் முழுக்க இப்படித்தான் கணக்கு. 8 வாரம் என்றால் 56 நாள். நாள் பற்றி மேலே சொன்னபடி, கரு உண்டானது அதிலிருந்து சுமார் 14 நாள் கழித்து. 56இல் 14 போனால் 42. அவர் வந்து 44 நாள். கணக்கு கச்சிதமாகச் சரி. ஸ்கேனிலும் ஐந்து ஏழு நாள் முன்னே பின்னே இருக்கும். பிரசவத் தேதிக்குச் சொல்லும் 280 நாளிலும் முதல் ரெண்டு வாரம் கருவே கிடையாது, உண்மையில் 266தான். இதை ஒரு தாளில் எழுதி, கணவரை வரவழைத்து, அவரையே கழிக்கச் சொன்னேன்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம். அவளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. எனக்கும் எதுக்கு?

ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு, வலியும் இல்லை. அதை விட்டுவிட்டு மனைவிக்கு ஊசி, கருக்குழாய் டெஸ்ட், வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி என்று போவது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஒரு வருஷம் தடையில்லாமல் சேர்ந்தும் நிற்கவில்லை என்றால் ரெண்டு பேரும் ஒன்றாக வாருங்கள். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாசத்திலேயே வரலாம்.

பரிசோதனைக்கு விந்து கொடுப்பதற்கு முன், விந்து வெளியேறாமல் ரெண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி வேண்டும். மில்லிக்கு 1.6 கோடி அணுவுக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். கொதிகலன் பக்கத்தில் நிற்கும் வேலை, மடியில் லேப்டாப், விதைப்பையில் ரத்தக் குழாய்ப் புடைப்பு, பீடி, சாராயம் எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் போடும் ஆண் ஹார்மோன் ஊசி இன்னும் மோசம். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் மூளை விதைக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடும். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாசம் ஆகும். அதனால் இன்று குடியை நிறுத்தினால் பலன் தெரிய மூன்று மாசம் பொறுக்க வேண்டும்.

பலாப்பழம் சூடு, பப்பாளி கலைச்சிடும்னு சொல்றாங்களே?

பண்ருட்டிப் பக்கம் இருந்துகொண்டு வைகாசியில் பலாச்சுளை தொடாதே என்றால் எப்படி? சர்க்கரை இல்லாதவர்கள் நாலைந்து சுளை தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாகப் பழுத்த பப்பாளியும் சரி. காய்ப் பப்பாளியின் பாலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கணக்கு தொடக்கத்திலேயே தவறிப்போனதால். சாப்பிட்ட பழமோ, தூக்கிய குடமோ, ஏறிய பஸ்ஸோ காரணமில்லை. கலைந்த பெண்ணிடம் "என்ன தின்னே?" என்று கேட்பதை நிறுத்தினாலே பெரிய உதவி.

உள்ள தண்ணியில கெடக்குற புள்ளை எப்படி மூச்சு விடுது?

நுரையீரலால் விடுவதில்லை, அதில் திரவம்தான் நிறைந்திருக்கும். வேலை முழுவதும் நஞ்சு, அதாவது தொப்புள்கொடி ஒட்டியிருக்கும் நஞ்சுப்பை, பார்க்கிறது. பிரசவம் முடிந்ததும் நஞ்சை நாங்கள் தட்டில் விரித்துப் பார்ப்போம். ஒரு சாண் அகலத்தில், அரைக் கிலோ எடையில், தாயை ஒட்டியிருந்த பக்கம் செந்நிறமாகத் துண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் உள்ளே தங்கியிருக்கிறது, ரத்தப்போக்கு வரும் என்று அர்த்தம். குழந்தைப் பக்கம் பளபளவென்று, மரத்தின் வேர் மாதிரி ரத்தக் குழாய்கள் ஓடும். கொடியை வெட்டிய இடத்தில் மூன்று ஓட்டை தெரியும். ரெண்டு சின்னது, ஒன்று பெரியது. பெரியது பிராணவாயுவும் சத்தும் கொண்டுவரும், மற்ற ரெண்டும் கழிவைத் திருப்பி எடுத்துப்போகும்.

தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய சவ்வு. ஆனால் சாராயம், புகையிலை நஞ்சு, சில மருந்துகள் அந்தச் சவ்வைத் தாண்டிவிடும்.

ஆம்பள ஆபரேஷன் பண்ணா படகு இழுக்க முடியாம போயிடுமா?

போகாது. முன்னால் சொன்ன விந்துக் குழாயை மட்டும்தான் வெட்டிக் கட்டுகிறார்கள். விதையைத் தொடுவதில்லை. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் போவதால் மீசை, குரல், ஆசை, பலம் எதுவும் குறையாது. கத்தி வைக்காத முறையில் கால்மணி, அரைமணி நேரம், அன்றைக்கே வீட்டுக்கு. ஒரு வாரம் கனமான வேலை வேண்டாம். ஏற்கனவே குழாயில் இருக்கும் அணுக்கள் தீர வேண்டும் என்பதால் மூன்று மாசம் ஆணுறை, பிறகு ஒரு பரிசோதனை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்வதைவிட இது எவ்வளவோ லேசு, ஆனாலும் முகாமுக்கு வருவதெல்லாம் பெண்கள்தான்.

கர்ப்பப்பைய எடுத்து ரெண்டு வருஷமாச்சு. இப்பவும் மாசத்துல நாலு நாள் மாரு கனக்குது, கோவம் கோவமா வருது. தீட்டே இல்லாம இது எப்படி?

இந்த அக்காவுக்கு வயசு 41. பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு வேறு கட்டியிருந்தார்கள். அறுவை சிகிச்சைச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, ரெண்டு சினைப்பையையும் விட்டிருந்தார்கள். ஹார்மோனைச் சுரப்பது சினைப்பை. உதிர்வதற்கு மெத்தைதான் இல்லை, முட்டையும் ஹார்மோனும் மாசா மாசம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மார்பு கனப்பதும் கோபமும் அதனால்தான். வெளியேறும் முட்டை வயிற்றுக்குள்ளேயே கரைந்துவிடும். சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் மறுநாளிலிருந்தே உடம்பு எரிச்சல், வியர்வை, போகப்போக எலும்புத் தேய்மானம் என்று மாதவிடாய் நின்றவர் போல ஆகியிருப்பார்.

ஆகவே ஆபரேஷன் ஆனவர்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இனிமேல்தான் செய்யப் போகிறவர்கள் ரத்தப்போக்குக்கு மாத்திரை, ஹார்மோன் வைத்த காப்பர்-டி போன்ற சாதனம் என்று வேறு வழி இருக்கிறதா என இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். புற்றுநோய், கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இடுப்பு வலி, வெள்ளைபடுதல் இவற்றுக்காக மட்டும் எடுக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாமல் வாருங்கள். அந்த அக்கா கயிறை அங்கேயே அவிழ்த்துவிட்டு, மாசத்தில் அந்த நாலு நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க ஆரம்பித்திருக்கிறார்.